தடுப்புச் சுவரில் கிடந்த மலை

சுனாமியில் என் அக்காள் இறந்தபோது நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், கடற்கரையில் காயப்போட்டிருந்த மீனைத் திருப்பிப்போடப் போயிருந்தாள். மறுநாள்தான் கிடைத்தாள். அடக்கத்தில் எல்லோரும் அழுதார்கள். நான் குழியருகே குவித்திருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செம்மண், நடுவே கருமணல் கோடு. அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, எங்கள் மாவட்டத்தில் ஜியோபார்க் அமைக்க முடியுமா என்று எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. அரிய பாறைகளையும் மண்மேடுகளையும் அழியாமல் காப்பது, வந்து பார்ப்பவர்களால் உள்ளூர்க்காரர்களுக்கும் பிழைப்புக் கிடைக்கச் செய்வது, அதுதான் ஜியோபார்க். இலங்கையும் மடகாஸ்கரும் நம்மோடு ஒட்டிக்கிடந்த காலத்துப் பாறைகள் எங்களுடையவை. கடலோரச் செம்மண் மேடுகளைச் சேர்த்தேன். பேச்சிப்பாறைப் பக்கம் சில இடங்களைச் சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, புதுக்கடைக்குப் போகும் வழியிலிருந்த ஒரு சின்ன மலையை வைத்தேன். எண்ணெய் தடவியதுபோல் மின்னும் நீலப்பச்சைப் பாறை. அதற்குள் மாதுளை முத்துக்களாகச் சிவப்புக் கற்கள்.

இடங்களைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முதலில் அந்த மலைக்குத்தான் கூட்டிப்போனேன். நான் கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு பாதி மலையை உடைத்து எடுத்திருந்தார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றது. காவலாளி உள்ளே விடவில்லை. அதிகாரி வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வர வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மதியம் கடலோரம் போனோம். வழியில் அத்தான் வீடு. அக்காள் போனபின் அவரும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டின் முன்னால், பெரிய பாறைக் கற்களைக் குவித்த கடல் தடுப்புச் சுவர் வந்திருந்தது. அதிகாரி அதன்மேல் ஏறி, குனிந்து ஒரு கல்லைத் தடவினார்.

“இது காலைல பார்த்த மலையோட கல்லுதானே, மேடம்?”

நானும் குனிந்து பார்த்தேன். அதே நீலப்பச்சை, அதே முத்துக்கள். “ஆமா சார்” என்றேன்.

“எந்த மலை மக்கா?” என்று அத்தான் கேட்டார். சொன்னேன். அவரும் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

“இந்தச் சுவருக்காவ ரோட்டுல இருந்து மறியல் செய்தவன் நான். லாரில கல்லு கொண்டுவந்து தட்டினப்போவும் பக்கத்துலதான் நின்னேன். உனக்க அக்காளுக்க பிள்ளை இப்பந்தான் மழைக்காலத்துலயும் பயமில்லாம உறங்குது. அந்த மலைய எடுத்திருக்கப்படாதா?”

அவர் குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதிகாரிதான் பதில் சொன்னார். “கல்லே எடுக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லலீங்க. எங்க எடுக்கலாம், எதைத் தொடக் கூடாதுன்னு முதல்லயே குறிச்சு வெச்சிருக்கணும்.”

“அதை அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே சார்” என்றார் அத்தான். பிறகு எங்களுக்குக் கட்டஞ்சாயா போட உள்ளே போனார்.

திட்டத்தை எழுதி அனுப்பினேன். பட்டியலிலிருந்து அந்த மலையை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்தேன். மற்ற இடங்களைப் பற்றி இரண்டொரு கூட்டம் நடந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. கேட்டுப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை.

மலையில் மிச்சமிருந்ததும் போன பிறகு, அந்தப் பாறையை மாணவர்களுக்குக் காட்ட வேறு இடம் இல்லை. ஒவ்வொரு வருடமும் அவர்களை அத்தான் வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன். பாறை எப்படி உண்டானது, எந்தெந்த நாடுகளில் இருக்கிறது என்று சொல்கிறேன். எந்த மலையிலிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் அதையும் சொல்கிறேன். சுவர் ஏன் வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அத்தான் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, “பாசி உண்டு மக்கா, பைய ஏறுங்க” என்பார். பிள்ளைகள் பைய ஏறுவார்கள்.