அரைக்கோடு சத்தம்

ஹெட்போனுக்கென்று தனியாக ஓர் அம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறேன் என்றதும் என் தங்கை, "உங்களுக்கு விசர்தான்" என்றாள். விசர்தான், யார் இல்லையென்றது? மனைவி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவள் குரல் என்னிடம் ஒரே ஒரு பதிவில்தான் இருந்தது. எங்கள் தேவாலயத்தில் முப்பது பேர் சேர்ந்து பாடிய நத்தார் கீதங்கள். அந்த முப்பது குரலுக்குள் அவளைப் பிரித்துக் கேட்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை கூத்தும்.

பதிவைச் செய்து தந்தவன் என் நண்பன். மட்டக்களப்பு டவுனில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறான். என் காதைவிட அவன் காதை நான் நம்பினேன்.

தெரிவு இரண்டில் வந்து நின்றது. ஒன்று நான் இணையத்தில் தருவித்தது, சவர்க்காரக் கட்டியளவு சின்னப் பெட்டி. மற்றது அவனுடைய அண்ணன் கட்டாரிலிருந்து கொண்டு வந்த வால்வு அம்ப். கண்ணாடிக் குழாய்கள் செம்மஞ்சளாக எரியும். விலை நாலு மடங்கு. சின்னதில் முதல் நாளே, இரண்டாவது பாட்டில், இடது பக்கம் எங்கோ அவள் நிற்பதுபோல ஒரு நினைப்பு வந்தது. ஆனாலும் பெரியதைப் பார்த்தாலே ஆசை வருகிறதே!

"கண்ணால கேட்காத மச்சான், காதால கேள்" என்றான் அவன். கடையில் ஸ்பீக்கர் விற்பதென்றாலும் அவன் முறை அதுதான். துவாயால் கண்ணைக் கட்டிவிட்டு ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போடுவான். நாவற்குடாவில் என் வீட்டு முன்னறையில் வைத்து எனக்கும் கட்டினான். ஐந்து தரம் மாற்றினான். ஐந்து தரமும் நான் "இதுதான்" என்றது பெரியதை. பாட்டு நிறைந்து முகத்துக்கு முன்னால் வந்து நின்றது.

"பார்த்தியா, உன்ர காதே சொல்லிட்டுது" என்று துவாயை அவிழ்த்தான். சின்னதை யாருக்காவது தள்ளிவிடுவதாகச் சொல்லிக் கையோடு கொண்டுபோனான். நன்றிக்கு அவனுக்குப் பால் தேத்தண்ணி வேறு போட்டுக் கொடுத்தேன், மடையன் நான்.

எட்டு மாதம் கேட்டேன். பாட்டு அழகாகத்தான் இருந்தது. அவள் இல்லை. முப்பது குரலும் கூழாகக் கலந்து கிடந்தன. முதலில் என் காது போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, அவள் குரலே எனக்கு மறந்துபோயிற்று என்று நினைத்தேன். அதை அவனிடம் சொல்லி அழுதும் இருக்கிறேன். "வயசு போகுதெல்லா மச்சான்" என்று முதுகில் தட்டினான்.

போன கிழமை அவன் கடைக்குப் போனேன். பாசிக்குடாவிலிருந்து வந்த ஹோட்டல்காரர் ஒருவர் துவாய்க் கட்டோடு கதிரையில் இருந்தார். இவன் வயரை மாற்றும்போதெல்லாம் ஒரு பெட்டிக்கு மட்டும் சத்தம் கூட்டும் குமிழைக் கோட்டுக்குப் பாதி மெல்லத் திருப்பினான். அவரும் அது பாடும்போதே "இதுதான்" என்றார். அவர் துவாயை அவிழ்த்துவிட்டுப் போனில் பேச வெளியே போனதும் இவன் எனக்குக் கண்ணடித்தான்.

"அரைக்கோடுதான் மச்சான். சத்தம் கூடினது தெரியாது, நல்லாயிருக்கெண்டுதான் காது சொல்லும். ஒருத்தரும் தப்பேலா."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோமென்று அவனுக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது.

"எனக்கும் இதுதானா?"

"அண்ணன் வித்துத் தா, வித்துத் தா எண்டு ஒரே கரைச்சல். உனக்கும் பிடிச்சதுதானே..."

அப்போதுதான் அவன் மேசையைக் கண்டேன். அவனுடைய சொந்த ஹெட்போன் செருகியிருந்தது என் சின்னப் பெட்டியில். முதல் நாளே நான் கீழே போட்டு உடைத்த மூலை அப்படியே இருந்தது. யாருக்கோ தள்ளிவிட்டானாம்!

"நான் அவளைத் தேடுறது தெரிஞ்சுமாடா செய்தாய்?"

"மறுகா வீட்ட வந்து எல்லாம் சரியாச் செய்து தாறன்" என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கல்லடிப் பாலம் தாண்டும்வரை வாய்விட்டே ஏசினேன். என் கண்ணைக் கட்டியது பெரிதில்லை. அவன்தானே கட்டுகிறான் என்று நம்பி நானே முகத்தை நீட்டினேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் சின்னதில் ஹெட்போனைச் செருகிப் பதிவைப் போட்டேன். இரண்டாவது பாட்டு, மூன்றாவது வரி. எல்லோரும் நிறுத்திய பிறகும் இடது பக்கம் ஒரு குரல் கொஞ்சம் இழுத்துவிட்டு நின்றது. குசினிக்குள் சமைத்தபடி பாடும்போதும் அவள் அப்படித்தான் இழுப்பாள்.

"ஆளக் கண்டிட்டன்!" என்று கத்திக்கொண்டு போனை எடுத்து இலக்கத்தை அழுத்தினேன். திரையில் அவன் பெயர் வந்தது. மணி அடிக்க முன் வெட்டினேன். எட்டு மாதமாக இதை முதலில் சொல்லவென்று நான் நினைத்து வைத்திருந்தது அவனிடம்தான்.