இரும்பைக் கடித்துக் கேட்டவர்

ஏனோக் ஸ்டாவ்ருமைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சர்ச் கதையைத்தான் சொல்வார்கள். பாதிரியார் நரகத்தைப் பற்றி உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்கிறார். வெளியே சாலையில் ஒரு லாரி போகிறது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஏனோக் தன் மனைவி பெட்ராவிடம் சொல்கிறார்: "கிளாரன்ஸ் வண்டி. பெட்ரோல் கலவை ஜாஸ்தியா இருக்கு." மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கிளாரன்ஸ் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தான். தன் தம்பி திருட்டுத்தனமாக வண்டியை எடுத்துக்கொண்டு போவது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. ஆமென் சொல்லும்வரை கூடப் பொறுக்காமல் எழுந்து ஓடினான்.

வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கத்து லாரிகள் வருஷத்துக்கு மூன்று வாரம்தான் ஓடும். ஆகஸ்டில் கோதுமை அறுவடைக்கு வெளியே வரும். முடிந்ததும் கொட்டகைக்குள் போய் நின்றால், அடுத்த ஆகஸ்ட்வரை கோழிகள் அதன் மேல் ஏறிப் படுத்திருக்கும். நிறுத்துவதற்கு முன் மிச்சமிருக்கும் பெட்ரோலை வடித்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வடிக்கமாட்டோம். அது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள்ளேயே காய்ந்து, பழுப்பு நிறத்தில் பிசினாகி, துளைகளை அடைத்துக்கொள்ளும். அதனால் ஜூலைக் கடைசியில் ஏனோக் வீட்டு முன்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அவர் கார்புரேட்டரைக் கழற்றுவார், கழுவுவார், மாட்டுவார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கலவைத் திருகை இப்படிக் கால் சுற்று, அப்படி அரைக்கால் சுற்று திருப்புவார். அவ்வளவுதான். முப்பது வருஷம் இதைச் செய்தார்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்குக் காது போக ஆரம்பித்தது. நான்கு குளிர்காலத்தில் முழுசாகப் போய்விட்டது. காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பு ஏதோ இறுகிவிட்டதாக டாக்டர் சொன்னாராம். தன் குரலே தனக்குக் கேட்காததால் ரகசியத்தைக்கூடக் கத்திச் சொன்னார். ஜனங்கள் சிரித்தார்கள். அதனால் பேசுவதையே விட்டார். உதட்டசைவில் புரியாததையெல்லாம் பெட்ரா பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். லாரிகள் டவுனுக்குப் போய்விட்டன. அவர் கொட்டகையைச் சாத்திக்கொண்டு முயல் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டோம். பாவம் என்றோம். பாவம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

நான் ராக்னா லிண்ட்விக். எனக்கு வாய் நீளம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

1966 மே மாதம் என் கணவர் ஹால்வர் நூற்றறுபது ஏக்கரில் கோதுமை விதைத்தார். ஜூன் மாதம் மாரடைப்பில் இறந்துபோனார். பயிர் அவர் இல்லாமலே வளர்ந்தது. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்தால் அவர் கையால் போட்ட விதை இடுப்புயரத்துக்கு நிற்கும். அந்த வருஷம் எனக்கும் என் இரண்டு பெண்களுக்கும் இருந்தது அது ஒன்றுதான். அது வீடு வந்து சேராவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு என் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அவர் வயலை அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே நாளில் அறுத்துக் கொடுப்பார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள், யாரும் நன்றி சொல்லக் கூடாது. ஆகஸ்ட் பதினாறாம் தேதி காலையில் ஐந்து அறுவடை இயந்திரங்கள் வந்து நின்றன. பெண்கள் காபி அண்டாவும் உருளைக்கிழங்கு ரொட்டியுமாக என் சமையலறையைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்ராவும் வந்தாள். ஏனோக் அவளுக்குப் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

தானியம் ஏற்ற மூன்று லாரி வேண்டும். இரண்டு வந்திருந்தன. மூன்றாவது எங்களுடையது, 1938இல் வாங்கியது. அதைக் கிளப்பி வைக்கிறேன் என்று நான்தான் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். முந்தின நாள் கிளப்பினேன். இருமிவிட்டு நின்றது. கார்புரேட்டரைத் திறந்தேன். அடியில் பழுப்புப் பிசின். அதில் பித்தளைத் திருகு ஒன்று உண்டு. அதன் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துளை. அது வழியாகத்தான் பெட்ரோல் எஞ்சினுக்குப் போக வேண்டும். அது அடைத்திருந்தது. ஹால்வரின் காலுறை தைக்கிற ஊசி பக்கத்தில் கிடந்தது. அதை விட்டுக் குத்தினேன். நன்றாகவே குத்தினேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு மேற்கே மேகம் ஏறியது. அடியில் பச்சை பூசியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பச்சையைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் தெரியும், ஆலங்கட்டி. முற்றிய கோதுமையைப் பத்து நிமிஷத்தில் மண்ணோடு அடித்துவிடும். இரண்டு லாரிகளும் பன்னிரண்டு மைல் தள்ளி டவுன் தானியக் கிடங்கில் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தன. ஐந்து இயந்திரங்களும் வயிறு நிறைந்து, கொட்ட இடமில்லாமல், வயலில் அப்படியே நின்றன. எங்கள் லாரியோ கரும்புகையைக் கக்கிக் கக்கி அணைந்தது.

கிளாரன்ஸ் மூடியைத் திறந்து தலையை விட்டுப் பார்த்தான். "கலவை கண்டபடி இருக்கு ராக்னா. திருகை எவ்வளவு இறுக்கினாலும் அடங்க மாட்டேங்குது. ஏனோக்கைக் கூப்பிடட்டுமா?"

"யாரைக் கூப்பிடுறே? எஞ்சின் ஓடுதா நிக்குதான்னே அவருக்குத் தெரியாது. செவிடரை வச்சு வேடிக்கை பார்க்கவா நேரம் இது?"

திரும்பினேன். ஏனோக் என் முகத்துக்கு நேரே நின்றிருந்தார். நான்கு வருஷமாக உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிற மனுஷன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் என்னை விலக்கிவிட்டு லாரிக்குள் குனிந்தார்.

நான்கு திருகு. கார்புரேட்டர் கையோடு வந்தது. கவிழ்த்தார், திறந்தார், மிதவையை எடுத்து வைத்தார், அந்தப் பித்தளைத் திருகைக் கழற்றி வானத்துக்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். துளையின் விளிம்பில் என் ஊசியின் கீறல் புதுசாகப் பளபளத்தது எனக்கே தெரிந்தது. ஆண்கள் எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"என்ன ஆச்சு? யாராவது நோண்டியிருக்காங்களா?" என்று கிளாரன்ஸ் கையால் சைகை செய்து கேட்டான்.

"தேஞ்சுபோச்சு!" என்று ஏனோக் கத்தினார். "பழசு! துளை பெருசாயிருச்சு!"

சொல்லும்போது என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் ஆச்சரியத்தோடுதான் நினைக்கிறேன். கெட்டுப்போன துளையை ஈயத்தை உருக்கி மொத்தமாக அடைத்தார். "ஊசி!" என்று என்னிடம் கத்தினார். "இருக்கிறதுலயே சின்னது!" கொண்டுவந்து கொடுத்தேன். அதன் முனையைச் சாணைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துத் தட்டையாக்கினார். அதை விரல் நுனியில் உருட்டி உருட்டி ஈயத்தின் நடுவில் புதிதாக ஒரு துளை போட்டார். மேகம் பாதி வானத்தை மூடிவிட்டது. அவர் விரல் அவசரப்படவே இல்லை.

மாட்டினார். கிளாரன்ஸ் கிளப்பினான். அப்போது ஏனோக் தன் பின் பாக்கெட்டிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்தார். இரும்பு முனையை எஞ்சின் மேல் ஊன்றினார். மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

"இதேதான், இதேதான்!" என்று பெட்ரா என் தோளைப் பிடித்தாள். "ரெண்டு வருஷமா கொட்டகைக்குள்ள எங்க வண்டியை ஓடவிட்டுக்கிட்டு இதைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. எழுதிக் கேட்டா பதில் சொல்ல மாட்டாரு. புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன், ராக்னா."

அந்தப் பிடியில் வரிசையாகப் பல் தடம் பதிந்திருந்ததை நான் பார்த்தேன். மரம் அங்கே குழிந்துபோயிருந்தது. எஞ்சினின் அதிர்வு இரும்பில் ஏறி, பல் வழியாக அவர் தலைக்குள் போய்க்கொண்டிருந்தது.

எஞ்சின் உறுமியதும் கார்புரேட்டர் ஒரு தும்மல் தும்மியது. அவர் தலையை ஆட்டினார். பெட்ரோல் போதவில்லை. நிறுத்தச் சொல்லி, கழற்றி, ஊசியை ஒரே ஒரு சுற்று உருட்டி, மறுபடி மாட்டினார். மறுபடி கடித்தார். இன்னும் அரைச் சுற்று. மூன்றாவது தடவை தும்மல் இல்லை. பிறகு கலவைத் திருகு. உள்ளே திருப்பினார், எஞ்சின் தள்ளாடியது. வெளியே திருப்பினார், வேறு மாதிரி தள்ளாடியது. நடுவில் எங்கேயோ ஓர் இடம். அங்கே வந்ததும் அவர் கை தானாக நின்றது. காது கேட்கிற எங்கள் எல்லாருக்கும் ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் கிழட்டு எஞ்சின் ஹால்வர் இருந்தபோதுகூட அப்படி ஓடியதில்லை. கிளாரன்ஸ் தொப்பியைக் கழற்றினான்.

"என்னய்யா நிக்கிறீங்க! சாவுக்கா வந்தீங்க? ஓட்டுங்க!" என்று ஏனோக் கத்தினார்.

ஐந்து இயந்திரங்களும் ஒவ்வொன்றாக லாரியில் கொட்டின, திரும்பி ஓடின, மறுபடி கொட்டின. லாரி கொட்டகைக்கும் வயலுக்குமாக நாலு நடை நடந்தது. கடைசி நடை உள்ளே வந்து கதவைச் சாத்தும்போது முதல் கட்டி தகரக் கூரையில் விழுந்தது. வெளியே ஏழு ஏக்கர் மிச்சம் நின்றது, அது போனது. டவுன் கிடங்குக்குப் போனது போக மற்றதெல்லாம் என் காலடியில் குவிந்து கிடந்தது. நான் அதில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு அழுதேன்.

கூரையில் சத்தம் காதைப் பிளந்தது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஏனோக் மட்டும் அண்ணாந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போனேன். அவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது எனக்குப் போதவில்லை. அவர் பாக்கெட்டிலிருந்து அந்த ஸ்குரூடிரைவரை உருவி, பிடியை அவர் வாயருகே நீட்டினேன். அவர் விழித்தார், பிறகு கடித்தார். இரும்பு முனையை என் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டேன்.

"ஊசியால குத்தினது நான்தான், ஏனோக். என்னை மன்னிச்சிருங்க."

அவர் கண் பெரிசானது. பிடியைக் கடித்தபடியே ஏதோ முனகினார். பிறகு வாயிலிருந்து எடுத்துவிட்டு, "உன் குரல் இன்னும் அதே தகரம்தான்" என்றார்.

பெட்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "தள்ளு" என்றாள் என்னிடம். "தள்ளுடி. நாலு வருஷப் பேச்சு பாக்கி இருக்கு எனக்கு."

முனையைத் தன் தாடையில் வைத்துக்கொண்டாள். பெரிதாகத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"ஏனோக்."

அவர் பிடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தாடி நனைந்திருந்தது. "இன்னொரு தடவை சொல்லு" என்றார், கத்தாமல்.

"வாயில இருந்து எடுத்துட்டா எப்படிக் கேக்கும், மடையா" என்றாள் பெட்ரா, அவர் கையைப் பிடித்து மேலே தூக்கியபடி. "கடிங்க."