சவரியப்பாவின் ‘நாம’

பெங்களூர் காக்ஸ் டவுன் சந்தையில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். செதில் சீவியபடியே மீன்காரம்மா, “உங்க மினிஸ்டர் பூட்டாராம் சார், டிவில காட்றாங்க” என்றார். மீனை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். சவரியப்பா நோயில் விழுந்து வெகுநாளாயிற்று. அதிர்ந்துபோனேன் என்று எழுதினால் பொய்யாகும்.

உங்களில் பலர் அவரை மத்திய இணை அமைச்சராகத்தான் அறிவீர்கள். எனக்குத் தெரிந்தவர், தொழிற்சாலை வாசலில் பெஞ்சு மேல் ஏறித் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் மாற்றி மாற்றிப் பேசிய சங்கச் செயலாளர். அவருடைய அப்பா ரயில்வேயில் கலாசித் தொழிலாளி. படித்தது கன்னடப் பள்ளி என்பதால் சவரிக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ரிச்சர்ட்ஸ் டவுனில் தமிழ் வாத்தியாராக இருந்த நான் அவருடைய தமிழ்ப் பேச்சுகளை எழுதிப் படித்துக் காட்டுவேன். அப்படித்தான் பழக்கம்.

அவரிடம் தீராத பிழை ஒன்று இருந்தது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, சேர்க்காவிட்டால் ‘நாங்கள்’ என்பது தமிழ். சவரிக்கு எல்லாமே ‘நாம’. “நாம நேத்து மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம்” என்பார் என்னிடம். அவருடைய மாமியார் வீடு எந்தத் தெருவில் என்றுகூட எனக்குத் தெரியாது. திருத்தினால் சிரிப்பார். “கன்னடத்துல ரெண்டுக்கும் ‘நாவு’ன்னா ஆயித்து, முடிஞ்சுது வாத்தியாரே. உள்ள யாரு, வெளிய யாருன்னு பாக்க அங்க வாட்ச்மேன் கிடையாது.”

தொண்ணூற்றொன்றில், காவிரித் தகராறின்போது, நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. ஆட்கள் அடிபட்டார்கள். எல்லாம் அடங்கிய பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் கன்னடக்காரர்களையும் அழைத்துக் கூட்டம் போட்டோம். சவரி மாநகராட்சித் தேர்தலில் நிற்கப்போவது எல்லோருக்கும் தெரியும். தமிழர் வாழும் நம் தெருக்களின் ஓட்டைத் தவிர அவருக்கு வேறு பலம் இல்லை. ‘நாங்கள் அடிபட்டோம்’ என்று தொடங்கி எழுதிப் படித்துக் காட்டியிருந்தேன். மைக்கைப் பிடித்தவர், “நாம அடிச்சோம், நாமளே அடி வாங்கினோம். வெக்கமா இல்ல நமக்கு?” என்றார்.

கடை எரிந்துபோன ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “யாருய்யா நாம? அடி வாங்கினது நாங்க. நீ எந்தப் பக்கம்?”

சவரி மைக்கை இறக்கிப் பிடித்தார். “எனக்கு வேற மாதிரி சொல்ல வரலண்ணே” என்றார்.

அது பிழையா, பிடிவாதமா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தேர்தலில் நம் தெருக்களே அவரைக் கவிழ்த்தன.

அதே பேச்சு கன்னடப் பத்திரிகையில் ‘நாவு’ என்று வெளிவந்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. எரிச்சலோடு பேச வேண்டிய ஆள் இப்படிப் பேசுகிறாரே என்று அவருடைய கட்சிப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் தமிழர் அதிகமில்லாத ஒரு தொகுதியைக் கொடுத்தார்கள். ஜெயித்து டெல்லிக்குப் போனார். பிறகு மந்திரிசபை மாற்றம் ஒன்றில் இணை அமைச்சரும் ஆனார். அன்றைக்குக் கவிழ்த்த தெருக்களில்தான் பட்டாசு அதிகம் வெடித்தது. நம் ஆட்களுக்கு அதிலெல்லாம் கூச்சம் கிடையாது.

அவர் சங்கம் நடத்தி வளர்ந்த தொழிற்சாலையை மத்திய அரசு மூடப்போகிறது என்று பேச்சு எழுந்ததும், சங்கத்தார் என்னையும் கூட்டிக்கொண்டு டெல்லிக்குப் போனார்கள். நம்மவர் இருக்கிறார், விட்டுவிட மாட்டார் என்பதுதான் வழி நெடுகப் பேச்சு. சவரி காபி வரவழைத்தார், பொறுமையாகக் கேட்டார். பழைய ஆளாக இருந்தால் “நாம பாத்துக்கலாம்” என்றிருப்பார். அன்று, “நாங்க பரிசீலிக்கிறோம். நீங்க கவலைப்படாம ஊருக்குப் போங்க” என்றார்.

இலக்கணம் சுத்தமாக இருந்தது. மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு எழுந்தார்கள். நான் கடைசியாக எழுந்தேன். லிஃப்ட் வரை கூடவே வந்தவர் என் தோளில் கைவைத்து, “இப்போ சரியாச் சொன்னனா வாத்தியாரே?” என்றார் மெதுவாக. நான் லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்.

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவர் உள்ளே எவ்வளவு போராடினார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன். அவர் வகித்த பதவியை நினைவில் வைத்துக்கொள்ள எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் வைத்துக்கொள்வது, மண்டபம் முழுக்க முறைத்துக்கொண்டிருந்தபோதும் அவர் வாயில் மாறாத அந்த ‘நாம’வை. தமிழ் வாத்தியார் சொல்லக்கூடாதுதான். அந்தப் பிழை திருத்தப்படாமலே இருந்திருக்கலாம்.