ஓடைக்கரைப் புல்

எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'துடைப்பம்'. வயலில் ஒரு களை தலைகாட்டினால் மனிதருக்குச் சோறு இறங்காது. வரப்பைக்கூட வகிடு எடுத்த மாதிரி வைத்திருப்பார். அப்படிப்பட்டவர் தலையில்தான் அரசாங்கத்தின் மானியத் திட்டம் வந்து விழுந்தது.

ஓடைக்கரையை ஒட்டிய நிலத்தை உழாமல், வெட்டாமல், புல்லும் புதரும் மண்ட விட வேண்டும். மண் கரையாது, பறவைகள் கூடு கட்டும். அதற்கு வருடா வருடம் பணம். கையெழுத்துப் போட்டவர் அவர் மனைவி. விதியை மீறினால் அதுவரை வாங்கியதை மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். வாங்கியதெல்லாம் கிணறு வெட்டியதில் போய்விட்டது. விற்க மிச்சமிருந்தது டிராக்டர் மட்டுமே.

"புல்லு வளக்கக் காசு தர்றாங்களாம். அப்ப இத்தனை நாள் நான் களை எடுத்ததுக்கு அபராதம் போடுவாங்களா?" என்று என்னிடம் புலம்புவார். ஓடைப்பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார்.

அதிகாரி பார்வையிட வரும் நாள். அவர் மனைவி கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார். நான் பால் வாங்க நின்றிருந்தேன். ஓடைப்பக்கமிருந்து புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். பாதிக் கரை மொட்டையாகிக் கிடந்தது.

"என்னங்க பண்றீங்க!"

"ஆபீசர் வர்றாங்களே, இந்தக் கோலத்துலயா காட்டுறது?" முகமெல்லாம் பெருமை. "உழக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? மேலாப்புல வெட்டினா வளந்துடாதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. அந்த அம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் துடைப்பத்துக்கு உறைத்தது. இயந்திரத்தை நிறுத்தினார். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி இளம்பெண். கரை முழுக்க நடந்தார். கவிழ்ந்து கிடந்த கூடு ஒன்றைக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து, அந்த அம்மாளிடம் தணிந்த குரலில் பேசினார்.

"நிலம் உங்க பேர்லதான் இருக்கு. பாத்தியதை இல்லாத வெளியாள், உங்க அனுமதி இல்லாம நுழைஞ்சு வெட்டிட்டார்னு சார் பேரைப் போட்டு எழுதிக் குடுங்கம்மா. உங்க மேல தப்பு வராது. பணமும் கட்ட வேண்டாம்."

"எழுதும்மா," என்றார் துடைப்பம். "உண்மைதானே? எழுதலேன்னா டிராக்டர் போயிடும்."

நிலம் அந்த அம்மாளுக்கு அவர் அப்பா கொடுத்தது. மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வந்தவர் என்று ஊர் துடைப்பத்தைப் பேசாத பேச்சில்லை. ஒரு களையை விடாமல் அவர் பிடுங்கியதெல்லாம் அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த அம்மாள் பேனாவை வாங்கினார். ஒரு எழுத்தும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தார்.

"வெளியாளு யாரும் வரலம்மா. நிலத்துக்காரர்தான் வெட்டினாரு."

"நிலம் உங்க பேர்ல..."

"பேருதான் என்னுது. நிலம் அவரோடது. நோட்டீஸ் அனுப்புங்க, கட்டிடுறோம்."

துடைப்பம் வெட்டிய புல்லின் மேலேயே உட்கார்ந்து, வெட்கப்படாமல், வாய்விட்டு அழுதார். டிராக்டர் அந்த மாதமே விலைபோனது.