கடலில் வந்த கட்டையில் ஒரு கிண்ணம்

கடைசல் வேலையில் மரம்கூட அடங்கிவிடும், அதைக் கொண்டுவருகிறவர்களைச் சமாளிப்பதுதான் பாடு. பட்டறை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தீவில், பத்துபஸ்தியில் ஒரு லேத்தைப் போட்டுக்கொண்டு, மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகும் அதிகாரிகளுக்கு வழியனுப்புப் பரிசாகப் படாக் மரத்தில் கிண்ணம் கடைந்து கொடுப்பது என் பிழைப்பு. வேறு மரம் வந்தால் கொஞ்சம் பயம்தான்.

கட்டிலுக்கு அடியில் இருந்தது

கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி ஓய்வுபெற்ற மாரிமுத்து அண்ணன், மனைவி பார்வதியக்காவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இப்போது மரைன் ஹில்லில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் கையில் ஒரு மரத்துண்டு. சுனாமியில் அக்கா பிடித்துக்கொண்டு மிதந்த கட்டையிலிருந்து அறுத்து எடுத்தது. அத்தனை வருஷமும் அண்ணன் அதை யாரையும் தொடவிடவில்லையாம்.

அதில் ரொட்டி மாவு பிசைய ஒரு கிண்ணம் வேண்டும் என்பது அக்காவின் முடிவு. "வெடிச்சிருச்சின்னா வேற துண்டு கெடையாது தம்பி" என்று அண்ணன் மெதுவாக என் காதில் போட்டார். அது அக்கா காதிலும் விழுந்துவிட்டது.

"சாமி மாதிரி கட்டிலுக்கு அடியில வச்சிருக்காரு. நான் கூட்டுறப்பல்லாம் காலுல இடிக்குது."

பேர் என்ன?

இந்த ஊரில் சிவப்பாக எந்த மரம் இருந்தாலும் அது படாக். டீக்கடைக்காரர் படாக் என்றார், ஆட்டோக்காரரும் படாக் என்றார். நானும் அப்படித்தான் நினைத்து ஓரத்தைச் சீவினேன். மிளகுப்பொடி மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறியது. தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மரம் அறுக்கும் மில் நடத்தும் வங்காளி பிஸ்வாஸ் தாதாவிடம் கொண்டுபோனேன். தண்ணீர் தொட்டுத் தடவினார், நகத்தால் கீறினார், காதருகே வைத்துத் தட்டினார். பர்மாவாக இருக்கலாம், சுமத்ராவாகவும் இருக்கலாம் என்று கடல் பக்கம் கையை வீசினார். கடைசியில், இது படாக் இல்லை, மற்றபடி தனக்குத் தெரியாது என்பதை இந்தியில் கம்பீரமாகச் சொன்னார்.

"படாக் நஹி ஹை. பாக்கி முஜே மாலூம் நஹி."

சீவல்

மரத்துக்குள் எங்கெங்கோ கடல்மணல் புகுந்து இறுகியிருந்தது. நாலு சுற்று கடைந்தால் உளி மழுங்கிவிடும். கடைந்த நேரத்தைவிடச் சாணை பிடித்த நேரம்தான் அதிகம். போதாக்குறைக்கு அண்ணன் தினமும் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். உளி கொஞ்சம் கிறீச்சிட்டால் போதும், எழுந்து நிற்பார். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றால் கை எப்படி ஓடும் என்பது உங்களுக்கே தெரியும்.

சாயங்காலம் துடைப்பத்தை எடுத்தேன். அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து விரித்தார்.

"சீவலக் கூட்டிக் கொட்டிறாதீங்க தம்பி. இதுவும் அவ புடிச்ச மரந்தானே."

ஓட்டை

மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் பிளைட்டில் எடை கூடும் என்பதால் இங்கே கிண்ணத்தை மெல்லிசாகத்தான் கடைவோம். இந்தக் கிண்ணம் எந்தப் பிளைட்டும் ஏறப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் அடிப்பாகத்தை இன்னும் கொஞ்சம் எடுத்தேன். எப்போதோ கடல்புழு குடைந்து போன வழி திறந்துகொண்டது. பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. லேத்தை நிறுத்தினேன். அண்ணன் ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவிட்டு இறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வராமல் ரோட்டைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார். படாக்கில் ஆப்பு செதுக்கி அடைத்துத் தருகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்கா கிண்ணத்தைத் தூக்கி ஒரு கண்ணை மூடி ஓட்டை வழியாகப் பார்த்தார். பிறகு நேராகப் போய் என் தண்ணீர் டிரம்மில் அதை விட்டார். தண்ணீர் அடி வழியாக ஏறி நிரம்பியது. கிண்ணம் அமிழ்ந்து, விளிம்பு மட்டும் தெரிய அப்படியே நின்றது. விரலால் அழுத்தினார், மறுபடி மேலே வந்தது. அண்ணன் எப்போது உள்ளே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அடைக்க வேணாங்க. அன்னைக்கும் ஓட்டையோடதான என்னையத் தூக்கிட்டு வந்துச்சி."

மாவு பிசைவதற்காக நான் கடைந்த கிண்ணத்தில் மரைன் ஹில்லில் இப்போது வெங்காயம் நல்ல காற்றோட்டமாக இருக்கிறது, என்ன மரம் என்று கேட்பவர்களிடம் படாக் இல்லை என்று மட்டும் நான் கம்பீரமாகச் சொல்லிவிடுகிறேன்.