பால் நிற்கக் கூடாது

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய தங்கையாகிய நான் முதலில் சொல்ல வேண்டியது ஒரு மன்னிப்பு. இத்தனை வருடமாக ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த உங்களில் யாருக்கும் நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. வெயிலில் பஸ் மாறி வந்தவர்களைக்கூட வெறும் வாயோடு அனுப்பினேன். காப்பித்தண்ணி காட்டாத வீடு என்று நீங்கள் பேசிக்கொண்டதெல்லாம் என் காதுக்கும் வந்தது. காரணத்தைச் சொல்ல அண்ணன் விடவில்லை. இப்போது சொல்கிறேன்.

அண்ணன் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அவருக்குக் கீழே நாங்கள் மூன்று பேர். படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்து ஆலையில் சேர்ந்தார். பால் தொட்டிக்கு மேலே வைக்கும் வடிகட்டிகளைக் கழுவுவதுதான் முதல் வேலை. பிறகு மெஷின்களைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வந்து, ஃபிட்டராக உயர்ந்தார். பொறுமைசாலி என்று ஊரே சொல்லும். அவருடைய ஸ்பானரை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், அந்தப் பொறுமை எவ்வளவு என்று தெரியும். எங்கள் மூவருக்கும் கல்யாணம் செய்துவைத்தார். தமக்கு மட்டும் பெண் பார்க்கப் போகும் நாளில் எல்லாம் ஆலையில் ஏதாவது ஒரு மெஷின் கெட்டுப்போகும். அது தானாகக் கெட்டதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

இளைய தலைமுறைக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பால் என்றால் அது ரப்பர் பால்தான். குடிக்கிற பாலுக்கு டின் பால், பசும்பால் என்று தனியாகப் பெயர் சொல்வோம். இந்தப் பேச்சு வழக்கம் பின்னால் ஒரு நாள் அண்ணனின் உயிரோடு விளையாடியது.

எழுபதுகளின் கடைசியில் அவருக்கு முகம் வீங்கியது. பிறகு கால் வீங்கியது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் நீர் கோத்திருக்கிறது என்று ஏதோ மருந்து கொடுத்தார். ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். இரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்ப வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். நான் அழுதுகொண்டிருந்தேன். அண்ணன் அந்த மெஷினின் படத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வடிகட்டியில் எத்தனை துளை என்று கேட்டார். நல்ல மரத்தின் கண்ணை எடுத்து ரப்பர் கன்றில் வைத்து ஒட்டுக் கட்டுகிற மாதிரி, நல்ல சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் கெட்டுப்போன இடத்தில் வைத்துக் கட்டினால் புதிதாக முளைக்காதா என்றும் கேட்டார். டாக்டர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. நல்ல கேள்விதான், ஆனால் நம் காலத்தில் நடக்காது என்றார்.

மெஷின்கள் மிகக் குறைவு. காத்திருப்பவர்களோ ஏராளம். நிற்காத தண்ணீர், மின்சாரம், டெலிபோன், கூடவே இருந்து கவனிக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள், இத்தனையும் உள்ள வீட்டுக்குத்தான் மெஷின் கிடைக்கும் என்றார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் இதில் ஒன்றும் கிடையாது. என் கணவர் லாரி ஓட்டுபவர், அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு ஒரே வரியில் முடித்துவிட்டார். "மச்சான் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். பின்னறை மெஷினுக்கு என்று ஆனது. கவனிக்கும் ஆள் நான்.

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, வீட்டில் தையல் தைத்துக்கொண்டிருந்தவள் நான். மெஷினில் எழுதியிருப்பதெல்லாம் ஆங்கிலம். பயிற்சிக்குப் போன முதல் வாரம் முழுக்க ஒன்றும் ஏறவில்லை. அண்ணன்தான் எல்லாவற்றையும் தோட்டத்துப் பேச்சுக்கு மாற்றினார். இரத்தம், பால். போகிற குழாயும் வருகிற குழாயும் இரண்டு வாய்க்கால். ஆலையில் பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள். அதனால் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்துக்கும் அமோனியா என்றே பெயர் வைத்தார். மிஸ்ஸிகள் என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸுகள் யாராவது கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

"தங்கச்சி, பால் நிக்கக் கூடாது. நின்னா உறையும். அவ்ளோதான்லா, வேற ஒன்னும் இல்ல."

அவருக்கு அவ்வளவுதான். எனக்கு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், கூடப் பிறந்தவரின் இரத்தம் என் கண்முன்னால் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. குளியலறைக்குப் போனாலும் காது பின்னறையில் இருக்கும். வானம் கறுத்தால் ஜன்னலுக்கும் மெஷினுக்குமாக நடப்பேன், ஈப்போவில் மத்தியான மழைக்கு மின்சாரம் போவது சாதாரணம். மற்ற நாட்களிலாவது நிம்மதியாக இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. அண்ணன் குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு. அளவு மீறினால் நீர் நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மங்கு ஒன்றைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். காலையில் ஒரு மங்கு, மாலையில் ஒரு மங்கு. காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள்தான். நாக்கு வறண்டு, பேச்சு குழறி உட்கார்ந்திருப்பவர் முன்னால் நான் எப்படி உங்களுக்குக் காப்பி நீட்டுவேன்? காரணத்தைச் சொல்லிவிடுகிறேனே என்று கேட்டால், சொன்னால் பாவப்பட்டுக்கொண்டு யாரும் வரமாட்டார்கள், எனக்கு ஆள் வேண்டும் என்பார். அந்தக் கெட்ட பெயரை நான் வாங்கிக்கொண்டேன்.

மெஷின் வந்து ஓர் ஆண்டு இருக்கும். ஒரு மத்தியானம் நான் பயந்தது நடந்தே விட்டது. பாதியில் இடி இடித்து மின்சாரம் போய்விட்டது. அப்படி ஆனால் மெஷினின் கைப்பிடியை நாமே சுற்ற வேண்டும். அண்ணனுக்கு ஒரு கை ஊசியில், மறு கை எட்டாது. நான் சுற்றினேன். சுற்றச் சுற்ற, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று படித்தது எல்லாம் மறந்துபோனது. ஆஸ்பத்திரியில் கேட்டுவிடலாம் என்று கைப்பிடியை விட்டுவிட்டு முன்னறைக்கு ஓடி டெலிபோனை எடுத்தேன். அண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது, ஆனால் கால் நிற்கவில்லை.

டெலிபோனில் ஒரு தமிழ் மிஸ்ஸி பேசியது எனக்குத் தெய்வமே பேசியது போல இருந்தது. பட்டணத்துப் பெண், வேலைக்குப் புதிது என்று பிறகுதான் தெரியும்.

"மிஸ்ஸி, பால் நின்னுபோச்சு. உறைய ஆரம்பிச்சிடும்" என்றேன்.

"அக்கா, இது ஆஸ்பத்திரி. பால் கெட்டுப்போனா கடையில போய்க் கேளுங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

நான் திரும்பி ஓடி வந்தபோது குழாயில் இரத்தம் கறுத்துக் கட்டி தட்டியிருந்தது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. இரண்டு வாய்க்காலையும் கிடுக்கி போட்டு அடைக்கச் சொன்னார். உறைந்ததை ஒரு சொட்டுக்கூட உள்ளே விடாதே, அப்படியே எறிந்துவிடு என்றார். எறிந்தேன். ஒரு மங்கு அளவு அவருடைய இரத்தம். என் கணவர் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அங்கே இரத்தம் ஏற்றினார்கள். டெலிபோனில் நான் சொன்னதை அண்ணனிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்து, ஊசி போட்ட கை ஆடியது. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமே தகவல் வந்தது. பெரிய மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். கவனிக்கிற ஆள் சரியில்லை என்று பட்டால் மெஷினை வேறு வீட்டுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்குமாம். அது நியாயம்தான், வரிசையில் நிற்பவர்களும் யாருக்கோ அண்ணன் தம்பிதான். ஆனால் மெஷின் போனால் எங்கள் அண்ணன் இரண்டு வாரம் தாங்கமாட்டார். என் ஒருத்தியின் நாக்கால் அவர் சாகப்போகிறார் என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? என் தையல் மெஷினைக் கழற்றிவிட்டார். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் பாதியில் கிடக்க, கேட்காமல் கொள்ளாமல் மிதியைத் தனியாக எடுத்து, பழைய சைக்கிளின் பல்சக்கரங்களையும் சங்கிலியையும் பூட்டி, இரத்த மெஷினின் கைப்பிடியோடு இணைத்தார். வேகமாக மிதித்தாலும் பம்பு நிதானமாகத்தான் சுற்றும். நான் சண்டை போட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. "உனக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கணும். ஒரு கையில போனு, ஒரு கையில கிடுக்கி. பால் ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார். அப்போதுதான் புரிந்தது. அவர் மெஷினைப் பழுது பார்க்கவில்லை. என் பயத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடாமல் இருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், அதனால் உட்கார்ந்த இடத்திலேயே ஓட வழி செய்தார். டெலிபோனுக்கு நீள வயர் போட்டுப் பின்னறைக்குக் கொண்டுவந்தவர் என் கணவர்.

பெரிய மிஸ்ஸி சீனர், மலாயில் பேசுவார். வந்ததும் குழாய்களில் உப்புத் தண்ணீரை நிரப்பி ஓடவிட்டு, மெயின் சுவிட்சைத் தாமே அணைத்தார். நான் உட்கார்ந்து மிதித்தேன். மிதி நிற்கவில்லை. இப்போது டெலிபோனில் என்ன சொல்வாய் என்று கேட்டார். எத்தனையோ நாள் சரியான வார்த்தையை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது பால்தான்.

அண்ணன் குறுக்கே பேச வந்தார். பெரிய மிஸ்ஸி கை காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னிடமே கேட்டார். பால் என்றால் எது, வாய்க்கால் எது, அமோனியா எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். நான் ஒன்றையும் மாற்றித் தொடவில்லை. அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில், இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, டெலிபோனில் கேட்டவருக்குத்தான் தெரியவில்லை என்று மலாயில் சொன்னார். மெஷின் இங்கேயே இருக்கும் என்றார். தையல் மிதியை ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்ளாது, ஆகவே அதைத் தாம் பார்க்கவே இல்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, போகும்போது அதில் ஒரு தடவை உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். அதற்கப்புறம் வார்டு டெலிபோனுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பால் என்றால் இரத்தம், உடனே டாக்டரைக் கூப்பிடு என்று மூன்று மொழியில்.

அந்த மிதி பிறகு எத்தனையோ மழைக்கு எங்களுக்குக் கைகொடுத்தது. ஒரு தடவைகூடப் பால் உறையவில்லை. இடுப்பில் கட்டிக்கொள்கிற அளவுக்குச் சின்ன மெஷின் ஒன்றை வெளிநாட்டில் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்த துணுக்கை அண்ணன் வெட்டி வைத்திருந்தார். அது வந்தால் உனக்கு விடுதலை என்று சொல்வார். எனக்கு விடுதலை வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை.

போன வருடம் அவருடைய இருதயம் களைத்துவிட்டது. மெஷின் தவறவில்லை, நானும் தவறவில்லை என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கடைசி நேரத்தில் சுற்றியிருந்தவர்கள் பால் ஊற்றச் சொன்னார்கள். நான் பழக்கதோஷத்தில் மெஷின் அறைக்கு ஓடினேன். என் கணவர்தான் கையைப் பிடித்து நிறுத்தி, டம்ளரைக் கொடுத்தார். அண்ணன் உதட்டில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, இன்றைய அளவில் இது எவ்வளவு என்று மனம் கணக்குப் பார்த்தது. அந்தக் கணக்கு இனி வேண்டாம் என்று உணர எனக்குப் பல நாள் ஆனது.

நடக்க முடியாத நாட்களில் அண்ணனைத் தூக்கி லாரியில் ஏற்றிய என் கணவருக்கும், என்னை நம்பி மெஷினை விட்டுப்போன பெரிய மிஸ்ஸிக்கும், அன்று டெலிபோனை வைத்த அந்தச் சின்ன மிஸ்ஸிக்கும்கூட எங்கள் நன்றி. அவர் பிறகு மாதம் தவறாமல் வந்து அண்ணனைப் பார்த்துப் போனார். மழை வந்தால் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட அடுத்த வீட்டாருக்கும், தண்ணீர் கொடுக்காத வீடு என்று தெரிந்தும் வந்துகொண்டே இருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. உங்களால்தான் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள்.

திவசத்துக்கு எல்லோரும் வாருங்கள். வாசலிலேயே காப்பி இருக்கும், மோர் இருக்கும். வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது, இரண்டாவது டம்ளரும் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே வந்தால் அண்ணனின் படத்துக்கு முன்னால் அவருடைய மங்கு இருக்கும். அதில் தண்ணீரை முதல் தடவையாகத் தளும்பத் தளும்ப ஊற்றி வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கை