மூடுபனிக்கு டிக்கெட் வாங்கியவன்

என் மனைவிக்குக் கடலைக் காட்டத்தான் லங்காவித் தீவுக்குப் போனேன். காட்டிவிட்டேன் என்று இந்த மலை முழுக்கச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். உண்மை அதுவல்ல. வாயால் சொல்ல வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, பதின்மூன்று வயதில் பூச்சிமருந்துப் பம்பை முதுகில் தூக்கியவன். இன்றைக்குத் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரிகளில் நான்கு என்னுடையவை. ரிங்லெட்டில் நான் கட்டிய மாடி வீட்டில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை வந்து தங்கினாலும் குறை சொல்ல முடியாது. சீனர் கடையில் என்னைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்கு யாரும் எதையும் தூக்கிக் கொடுத்ததில்லை.

அவள் இருபத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவள். லோரி ஒன்று இரண்டான பிறகும் வேலையை விடவில்லை. "நீங்க உருட்டுறது எப்ப கவுறுமோ, யாரு கண்டா?" என்பாள். முட்டி தேய்ந்த பிறகுதான் கூடையை இறக்கினாள். அவளுக்கு ஈப்போ தெரியும், தாப்பா தெரியும், பத்துமலைக்கு மூன்று தடவை போயிருக்கிறாள். கடலை மட்டும் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டாள். அடுத்த வருஷம் என்றேன். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. லோரிக்கு டயர் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், வீடு வந்தது.

ஒரு நாள் காலையில் அவள் லோரியின் பக்கக் கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அதே இடத்தில் நிற்கிற லோரி. "இத்தாம் பெரிய லோரி தெரியலியா? கண்ண எங்க வச்சிருக்க?" என்று சத்தம் போட்டேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "தெரியலங்க" என்றாள். கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுவாரம் படிக்கட்டில் விழுந்த பிறகுதான் ஈப்போவுக்குக் கூட்டிப்போனேன்.

கண் டாக்டர் ஒரு சின்னப் பெண், நம் இனம். கண்ணுக்குள் அழுத்தம் என்றாள். வலது கண்ணில் பார்வை முழுக்கப் போய்விட்டது, இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்றாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"போனது திரும்பாதுங்க ஐயா. இருக்கிறத மருந்து ஊத்திக் கொஞ்சம் புடிச்சு வைக்கலாம்."

"எவ்வளவு நாளைக்கும்மா?"

"அது சொல்ல முடியாது. இப்பவே மங்கல்ல அவங்களுக்குத் தெரியாது. நல்ல வெளிச்சம் வேணும். ஏதாவது பாக்கணும்னு ஆசைப்பட்டாங்கன்னா சீக்கிரம் காட்டிருங்க."

காரில் ஏறியதும் அவள் கேட்டாள், "என்னவாம்?"

"ஒண்ணுமில்ல, மருந்து ஊத்துனா சரியாயிரும்."

சிம்பாங் பூலாய் வளைவுகளில் ஏறும்போது, "ஏங்க, கடல் பாக்கணும்" என்றாள். டாக்டர் சொன்னது என் முகத்திலேயே இருந்திருக்கும்.

பக்கத்தில் லூமுட் கடற்கரை இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் கடலைக் காட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்பியிருக்கலாம். ஆனால் தவுக்கே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு லூமுட்டுக்குப் போனான் என்று சொன்னால் கேட்க நன்றாகவா இருக்கும்? லங்காவி என்று முடிவு செய்தேன். மூன்று நாள், கடலோர ஹோட்டல். பழைய லைனில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன்.

லைனில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த முதல் வீட்டுக்காரி, "என்னக்கா, ரெண்டாவது ஹனிமூனா?" என்றாள்.

"மொதலாவதே நடக்கலடி. ரெண்டாவது எங்கேருந்து வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்று உண்டு. லைனிலிருந்து யாராவது வெளியூர் போனால், திரும்பி வரும்போது வீடு தவறாமல் ஏதாவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஒரு பிஸ்கட் பொட்டலமாவது கொடுக்க வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அது ஜென்மத்துக்கும் பேச்சாகிவிடும். எங்கள் பழைய லைனில் பதினான்கு வீடுகள். வாசலில் நின்று சொன்னேன்: "எல்லாருக்கும் உண்டு. லங்காவியிலேருந்து வருதுலா, சும்மாவா!"

கோலா பெர்லிஸ் போய்க் கப்பல் ஏறினோம். கடலின் மேல்தான் போனோம் என்றாலும் அவள் கடலைப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்க உப்புத் தண்ணீர் அடித்து மங்கிக் கிடந்தது. புறப்பட்ட பத்தாவது நிமிஷத்தில் அவளுக்குத் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். "அந்தா பாரு, தீவு" என்று நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ம் கொட்டினாள்.

இறங்கினோம். அப்படி ஒரு வெயிலை எங்கள் மலையில் பார்க்கவே முடியாது. இருவரும் ஸ்வெட்டரோடு இறங்கியதைப் பார்த்து டாக்சிக்காரன் சிரித்தான். அவள் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி இடது கண்ணால் வானத்தைப் பார்த்தாள். "பளிச்சுனு இருக்குங்க. எல்லாம் தெரியுது" என்றாள்.

அந்த நிமிஷமே கடற்கரைக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். நான் டாக்சிக்காரனைக் குவா டவுனில் கடைகள் இருக்கும் பக்கம் விடச் சொன்னேன். சாமானை முதல் நாளே வாங்கிவிட்டால் அப்புறம் நிம்மதி என்று ஒரு கணக்கு. லோரி ஏற்றுகிறவன் புத்தி அது. முதலில் சரக்கு.

சாக்லெட், பீங்கான் தட்டு, சட்டி, முட்டி வலிக்குத் தேய்க்கிற காமாட் எண்ணெய் என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். பதினான்கும் ஒரே மாதிரி இருந்தால் மதிப்பில்லை, வேறு வேறாக இருந்தால் சண்டை வரும். ஒவ்வொன்றையும் எடுத்து, வைத்து, பேரம் பேசி எடுத்தேன். எனக்குப் பேரம் பேச யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. குளிர்சாதனக் கடைக்குள் அவள் தட்டுகளின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

"கடல் பக்கம் எப்பங்க?"

"இந்தா முடிஞ்சிருச்சு புள்ள. இன்னும் நாலு வீடு."

"லைன விட்டு வந்துதான் பதினெட்டு வருஷமாச்சே. எதுக்கு இம்புட்டு?"

"விட்டு வந்ததுனாலதான் கொடுக்கணுங்கிறேன். என்னன்னு நெனைப்பாங்க?"

"நீங்க என்னன்னு நெனைக்கிறீங்களோ அதத்தான் நெனைப்பாங்க."

இன்னும் இரண்டு தடவை கேட்டாள். கடல் எங்கே ஓடிப்போகிறது என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். மூட்டைகளை ஹோட்டலில் போட்டுவிட்டு மணலில் கால் வைத்தபோது வெயில் இறங்கிவிட்டது. வானம் சிவந்து கிடந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அது அழகு, கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இருட்டு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க இருக்கு?" என்றாள்.

"உனக்கு முன்னாடிதான் புள்ள."

"சத்தம் கேக்குது. ஃபேக்டரில எல உருட்டுற மெஷின் மாதிரி." என் கையை இழுத்துத் திரும்பினாள். "நாளைக்குப் பாப்போம்."

மறுநாளும் விடிந்ததும் நல்ல வெயில். ஹோட்டல் வாசலிலிருந்து தென்னைகளைத் தாண்டி இருநூறு அடி நடந்தால் கடல். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. கடலைக் கரையிலிருந்து எல்லோரும்தான் பார்க்கிறார்கள். கேபிள் காரில் மலை உச்சிக்குப் போனால் சுற்றிலும் ஒரே பார்வையில் முழுக் கடலையும் பார்க்கலாமே! பெண்டாட்டிக்குக் காட்டுவது என்றால் அப்படிக் காட்ட வேண்டும். மலைக்காரன் நான், உயரத்தில்தானே என் புத்தி போகும்.

டிக்கெட் கொடுக்கிற மலாய்ப் பெண் நல்ல பிள்ளை. என்னைப் பார்த்து, "மேலே கபுஸ், பாக்சிக்" என்றாள். மேலே மூடுபனி, ஐயா என்று அர்த்தம். நான் சிரித்துவிட்டேன். மூடுபனியா? எனக்கா? முன்னால் பத்தடி தெரியாத பனியில் ஏழு டன் முட்டைக்கோசை ஏற்றிக்கொண்டு தாப்பா ரோட்டில் இறங்கியவன் நான். "பனியிலயே பொறந்தவன்மா நான், பயமில்ல" என்று மலாயில் பெரிதாகச் சொல்லிவிட்டு இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஆபத்து என்று அந்தப் பெண் சொல்லவில்லை, மேலே போனால் ஒன்றும் தெரியாது என்று சொன்னாள். அது என் மண்டையில் ஏறவேயில்லை. அறுபத்து மூன்று வருஷமாக மூடுபனி என்றால் எனக்கு ஆபத்து. காட்சியை மறைக்கிற ஒன்றாக நான் அதை நினைத்ததே கிடையாது. எங்கள் மலையில் நான் எந்தக் காட்சியைப் பார்த்தேன், மறைகிறதற்கு?

உச்சியில் வெள்ளை. மேலே, கீழே, எல்லாப் பக்கமும் வெள்ளை. கைப்பிடிக் கம்பியைத் தவிர ஒன்றுமில்லை. மற்ற சுற்றுலாக்காரர்கள் குளிரில் நடுங்கினார்கள். அவள் இடுப்பிலிருந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூக்கால் காற்றை இழுத்துப் பார்த்தாள்.

"நம்ம வீட்டு வாசல் மாதிரியே இருக்குங்க."

"இப்பக் கலஞ்சிரும். பனியப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"இதப் பாக்கவா ஆறு மணி நேரம் கார்ல வந்தோம்?" என்று சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். இப்போது எழுதும்போதும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது.

கீழே இறங்கலாம் என்றாள். பத்து மணிக்குக் கலையும் என்றேன். பிறகு பதினொன்று என்றேன். ஒன்றரை மணி வரைக்கும் அவளை அந்த வெள்ளைக்குள் நிறுத்தி வைத்தேன். தோற்றுப்போய் இறங்க எனக்கு மனம் வரவில்லை. கேபிள் கார் பாதி இறங்கியதும் பனி விட்டது. கீழே கடல் பக்கம் காலையெல்லாம் வெயில் அடித்திருக்கிறது, நாங்கள் வருகிற நேரத்துக்கு மேற்கிலிருந்து கருமேகம் ஏறி வெளிச்சத்தை அடைத்துக்கொண்டிருந்தது. டாக்சி பிடித்துக் கரைக்கு வருவதற்குள் மழை இறங்கிவிட்டது. அன்றைக்கு அது நிற்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானக் கப்பல். காலையிலும் மழை. குடையோடு அவளைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். அலை வந்து காலை நனைத்தது. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தேடினாள். கூடையில் தவறவிட்ட சாமானைத் தேடுகிற மாதிரி.

"தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

"எப்படி இருக்கு?"

"பெருசா இருக்கு. போலாமா? கப்பலுக்கு நேரமாச்சு."

ஊருக்கு வந்ததும் மறுநாளே லைனுக்குப் போனோம். நான் வாசலில் நின்று வீடு வீடாகச் சாமானைக் கொடுத்தேன். கேபிள் காரைப் பற்றிச் சொன்னேன், கப்பல் துறையில் நிற்கிற பெரிய கழுகுச் சிலையைப் பற்றிச் சொன்னேன். முதல் வீட்டுக்காரி அவளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கடல் எப்படிக்கா? சொல்லு."

அவள் நிதானமாகச் சொன்னாள். "நல்லா நீலமா இருந்துச்சுடி. நம்ம தேயிலை மலை பச்சையாப் போவுதில்ல, அந்த மாதிரி நீலமாப் போயிக்கிட்டே இருக்கு. மீன் துள்ளுறதுகூடத் தெரிஞ்சுச்சு. மேலேருந்தும் பாத்தோம், கீழேருந்தும் பாத்தோம். இவருதான் எல்லாம் காட்டுனாரு."

பார்த்திருக்கிறாள் என்று நம்பிவிட்டேன். நம்பினால்தான் எனக்கு நல்லது. அதற்குப் பிறகு கம்போங் ராஜா வரைக்கும் போய், காப்பிக் கடையில் உட்கார்ந்து, பெண்டாட்டிக்குக் கடல் காட்டிய கதையைச் சொன்னேன்.

ஆறேழு மாதத்தில் இடது கண்ணும் போய்விட்டது. அழுகை, புலம்பல் எதுவும் இல்லை. ஒரு நாள் காலையில் எழுந்து, "லைட்டப் போடுங்க" என்றாள். வெயில் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்தது.

வலி வராமலிருக்க இன்னும் மருந்து ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். காலையிலும் சாயங்காலமும் நான்தான் ஊற்றுகிறேன். போன மாதம் ஒரு காலை, தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, கடல் என்ன நெறம்?"

"நீதான் நீலம்னு சொன்னியே."

"எல்லாரும் நீலம்னுதான சொல்றாங்க. அதான் சொன்னேன். மழையில எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் முழுக்கக் கடை அலமாரிகளைப் பார்த்தேன். இரண்டாம் நாள் பனியைப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவள் முகத்தையும் கடிகாரத்தையும் பார்த்தேன். அன்று சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் டாக்சியில் கடலோரமாகவே போனோம். அவள் மூட்டைகளுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். தட்டுப் பெட்டி உடையாமல் இருக்கிறதா என்று நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"நான் சரியாப் பாக்கல புள்ள."

"நீங்களும் பாக்கலியா?"

"இல்ல."

வெளியே என் லோரி ஒன்று ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

"ஏன் அன்னைக்கு லைன்ல அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தீங்க. பாக்கலன்னு சொல்லியிருந்தா உங்க முகம் சுருங்கிப் போயிருக்கும். அப்ப எனக்கு உங்க முகம் இன்னும் தெரிஞ்சுச்சு."

மறுபடியும் போவோம், நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போவோம் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இப்ப எதுக்குங்க" என்றாள். "அடுத்த கண்ணுல ஊத்துங்க."

ஊற்றினேன். சொட்டு கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்தது. அவள் விரலால் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை ஊற்றட்டும் என்று அசையாமல் கிடந்தாள்.